அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைங்க

1/ கொஞ்சம் நீளமான இழை. மருந்து மாத்திரை பற்றியது இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவங்களை, உங்க கையில் இருக்கும் போனில், ஜன்னல் வெளிச்சத்தில் நல்லா ஒரு படம் எடுப்பது எப்படி என்பது பற்றி. டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. சொல்றேன்.

2/ வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை செய்றேன். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) நைட் டியூட்டி. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெரியவர் இறந்துட்டார். பேப்பர் வேலை முடிஞ்சதும் அவர் மகன் தயங்கித் தயங்கி வந்து நின்னார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். "சார், கேஸ் ஷீட்ல அப்பாவோட ஆதார் ஜெராக்ஸ் இருக்குமே, அதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? போஸ்டருக்குக் கேக்குறாங்க. வீட்ல அப்பா தனியா இருக்கிற போட்டோ எதுவும் இல்ல சார்."

3/ எடுத்துக்கிட்டார். ஜெராக்ஸ் தாளில் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். கண்ணு எது, மூக்கு எதுன்னு தெரியாது. அன்னைக்குச் சாயங்காலம் அவங்க தெருச் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழே அந்தச் சதுரம்தான் ரெண்டடிக்குப் பெருசாகி ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தம்பி போனில் ஆயிரம் படம் இருந்திருக்கும். பைக், பீச், பிரியாணி, நண்பர்கள். அப்பா மட்டும் இல்லை.

4/ அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்க வீட்டிலும் இதே கதைதான். அப்பா ஹார்பருக்கு லாரி ஓட்டினவர். அவர் போனப்போ தேடித் தேடிக் கிடைச்ச ஒரே தனிப்படம், கேட் பாஸுக்காக எடுத்தது. நேரா முகத்தில் ஃபிளாஷ். கண் விரிஞ்சு, உதடு இறுகி, யாரோ பிடிச்சு நிறுத்தி வெச்ச மாதிரி இருப்பார்.

5/ பதினாறாம் நாளுக்கு அதை ஃப்ரேம் போடக் கொடுத்தோம். பின்னாடி நீலம் அடிச்சு, முகத்தை நல்லா வெளுப்பாக்கிக் கொடுத்தாங்க. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பா மாதிரி இல்லடா." அவ்வளவுதான் சொன்னாங்க. மாலை போட்டாச்சு. இன்னும் அந்தப் படம்தான் சுவரில் இருக்கு.

6/ அதுக்கப்புறம் அம்மாவையாவது ஒழுங்கா எடுக்கணும்னு ஆரம்பிச்சேன். முதலில் எடுத்த முப்பது நாற்பது படமும் வீண். எல்லாத்திலும் அம்மா நோயாளி மாதிரியே தெரிஞ்சாங்க. தப்பு எங்கேன்னு புரிய ஒரு மாசம் ஆச்சு. இத்தனைக்கும் பதில், எம்பிபிஎஸ் படிக்கும்போதே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

7/ மஞ்சள் காமாலை இருக்கான்னு பார்க்கணும்னா, நோயாளியை ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய்க் கண்ணைப் பார்க்கணும். வார்டுக்குள் நுழையும் எந்த மாணவருக்கும் முதலில் சொல்லும் பாடங்களில் ஒண்ணு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கண்ணின் லேசான மஞ்சள் மறைஞ்சு போகும். ரத்தசோகையில் கீழ் இமை வெளுத்திருப்பதும், உதடு நீலம் பாய்ஞ்சிருப்பதும் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கு, அதனால் உள்ளது உள்ளபடி தெரியும். ஒரு உடம்பைச் சரியா பார்க்கத் தேவைப்படும் அதே வெளிச்சம்தான் ஒரு முகத்தைச் சரியா பார்க்கவும் வேணும்.

8/ நம்ம வீடுகளில் படம் எடுப்பது பெரும்பாலும் ராத்திரி, டியூப் லைட்டுக்குக் கீழே. வெளிச்சம் மேலேருந்து விழுது. புருவ எலும்போட நிழல் கண் குழியில் விழும். கண் உள்ளே போன மாதிரி, கன்னம் ஒட்டின மாதிரி தெரியும். கண் குழி விழுந்திருந்தா 'உடம்பில் நீர் குறைஞ்சிருக்கா'ன்னுதான் நாங்க யோசிப்போம். டியூப் லைட் அந்த நோயை நல்லா இருக்கிறவங்களுக்கும் கொடுத்துடும். ஃபிளாஷ் இன்னும் மோசம். சின்னப் புள்ளியிலிருந்து நேரா முகத்தில் அறையுது. நெத்தியில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்னாடி சுவரில் கறுப்பு நிழல்.

9/ ஜன்னல் ஏன் வேற? ஒண்ணு, அது பெருசு. வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு பெருசோ, நிழலோட ஓரம் அவ்வளவு மென்மையா இருக்கும். ரெண்டு, அது பக்கவாட்டில் இருக்கு. அதனால் முகத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் லேசான நிழல்னு மேடு பள்ளம் தெரியும். பாலு மகேந்திரா படங்கள் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். 'மூன்றாம் பிறை' (1982) ஒளிப்பதிவுக்கு அவர் தேசிய விருது வாங்கினார். இருக்கிற வெளிச்சத்தை நம்பினவர்.

10/ "எங்க வீட்ல ஜன்னலே ஒழுங்கா இல்லையே சார்." தெரியும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே ஜன்னல், அதுக்கும் முன்னாடி பீரோ இருக்கும். எண்ணூர் பக்கம்னா கரித்தூளுக்கும் லாரிப் புழுதிக்கும் பயந்து ஜன்னலைத் திறக்கிறதே இல்லை. அப்போ வாசல் கதவைத் திறங்க. உங்க வீட்டிலேயே பெரிய ஜன்னல் அதுதான். நிலைப்படிக்கு உள்ளே ரெண்டு மூணு அடி தள்ளி ஒரு ஸ்டூல் போடுங்க. வெளியே வெயிலில் வேண்டாம். உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி. எதிர் வீட்டுச் சுவர் வெள்ளையா இருந்தா உங்களுக்கு யோகம். அந்தச் சுவரே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

11/ எந்த ஜன்னல், எந்த நேரம்? 1856-ல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தாங்க. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டியும் ஆரம்பிச்சது. அந்தக் காலத்தில் மின்விளக்கு ஏது? ஸ்டுடியோன்னாலே கண்ணாடிக் கூரை, பெரிய ஜன்னல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திரைச்சீலை. ஐரோப்பாவில் வடக்குப் பக்கத்து ஜன்னல்தான் வேணும்பாங்க. அங்கே அந்தப் பக்கம் பெரும்பாலும் நேர் வெயில் வராது.

12/ நம்ம ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வரும். இடைப்பட்ட மாசங்களில் வடக்குப் பக்கம் சாய்ஞ்சிருக்கும். அதனால் மே, ஜூனில் வடக்கு ஜன்னலிலும் காலையிலும் சாயங்காலமும் வெயில் எட்டிப்பார்க்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கு ஜன்னல் அருமையா இருக்கும்.

13/ திசைக் கணக்கெல்லாம் வேண்டாம்னா ஒரே ஒரு விதி போதும்: சூரியன் இல்லாத பக்கம். காலையில் மேற்கு ஜன்னல், சாயங்காலம் கிழக்கு ஜன்னல். நமக்குக் கடல் கிழக்கே இருக்கு. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்த வீடுன்னா, விடிஞ்சதும் கண்ணைக் கூசுற வெயில் நேரா உள்ளே வரும். அப்போ எடுக்காதீங்க. மூணு, நாலு மணிக்கு அதே வாசலில் உட்கார வைங்க. நேர் வெயில் இருக்காது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும்.

14/ வெயில் விழுற ஜன்னல்தான் இருக்குன்னா, பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையா கட்டி விடுங்க. வெயில் அதில் பரவி மென்மையாகிடும். காசு கொடுத்து வாங்குற ஸ்டுடியோ சாமான் செய்ற வேலையும் இதேதான். ஜன்னல்ல அடிச்சிருக்கிற கொசுவலையும் கொஞ்சம் உதவும், தூசியைத் துடைச்சிட்டா.

15/ எங்கே உட்கார வைக்கணும்? ஜன்னலுக்கு முதுகு காட்டி வேண்டாம், முகம் இருண்டுடும். ஜன்னலிலிருந்து ரெண்டு மூணு அடி தூரத்தில், ஜன்னலுக்கு ஏறக்குறைய 45 டிகிரி திரும்பின மாதிரி. தள்ளித் தள்ளிப் போகப் போக வெளிச்சம் சட்டுனு குறையும். சுருக்கம் அதிகம் தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க முகத்தை ஜன்னல் பக்கம் இன்னும் திருப்பினா போதும். நிழல் பக்கம் ரொம்பக் கறுத்துப் போனா, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துண்டையோ தெர்மாகோல் அட்டையையோ யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க. பேரப்பிள்ளைங்க ஆசையா செய்வாங்க.

16/ சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்? கண்ணைப் பாருங்க. கருவிழியில் ஜன்னல் சின்ன வெள்ளைப் புள்ளியா தெரியணும். அது தெரிஞ்சா முகத்துக்கு உயிர் வந்துடும். தெரியலைன்னா முகத்தைக் கொஞ்சம் திருப்பவோ, தாடையைக் கொஞ்சம் தூக்கவோ சொல்லுங்க.

17/ முக்கியம்: வீட்டு லைட்டை அணைச்சிடுங்க. வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம்னு ரெண்டு வெளிச்சம் சேர்ந்தா போன் குழம்பிடும். பாதி முகம் நீலம், பாதி மஞ்சள். அப்புறம் சுவர். நம்ம வீடுகளில் பச்சை, ரோஸ், ஊதான்னு டிஸ்டெம்பர் அடிச்சிருப்போம். பச்சைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தா அந்தப் பச்சை முகத்திலும் அடிக்கும். ஆள் நல்லாத்தான் இருப்பார், படத்தில் உடம்பு சரியில்லாதவர் மாதிரி தெரிவார். சுவரைவிட்டு நாலு அடி முன்னாடி தள்ளி உட்கார வைங்க.

18/ போன். லென்ஸை முதலில் துடைங்க. பாதிப் படங்கள் மங்கலா வர விரல் ரேகைதான் காரணம். செல்ஃபி கேமரா வேண்டாம், பின்பக்கத்துக் கேமரா. முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க, மூக்கு பெருசாத் தெரியும். ஆறடி தள்ளி நின்னு 2x வெச்சு எடுங்க. போன் அவங்க கண் மட்டத்தில் இருக்கணும். முழங்கையை விலாவோடு ஒட்டி வெச்சுக்கிட்டா கை நடுங்காது. பத்துப் படம் எடுங்க, ஒண்ணு தேறும்.

19/ இப்போ நிறம். இதைத்தான் முக்கியமா சொல்ல நினைச்சேன். போன் கேமரா காட்சி முழுக்கப் பார்த்து, எல்லாத்தையும் சராசரியாக்கப் பார்க்கும். கறுப்பான முகம், கறுப்புப் புடவை, இருட்டுச் சுவர்னா, 'அடடா இருட்டா இருக்கே'ன்னு முகத்தை வெளுக்க அடிச்சிடும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தா முகத்தை இன்னும் இருட்டாக்கிடும். அதனால் திரையில் முகத்தை விரலால் தொடுங்க. பெரும்பாலான போன்களில் ஒரு சூரியன் குறி வரும். அதை மேலும் கீழும் நகர்த்தி, எதிரே இருக்கிற ஆளோட நிறம் வரும் வரை சரி பண்ணுங்க. திரையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஆளைப் பார்த்து முடிவு பண்ணுங்க. பியூட்டி ஃபில்டரை அணைச்சுடுங்க.

20/ இது நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்களோட தப்பு மட்டும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பின 'ஷெர்லி கார்டு'னு ஒண்ணு உண்டு. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அவங்க தோல் நிறம் சரியா வந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். பல வருஷம் உலகத்துக்கே அளவுகோல் அதுதான். கூகுள் 'ரியல் டோன்'னு கறுப்புத் தோலைச் சரியா காட்டுறதுக்குத் தனியா வேலை செஞ்சு போனில் கொண்டுவந்ததே 2021-ல்தான். நாம மட்டும் ஏன் இன்னும் 'கறுப்பா வந்துடுச்சு'ன்னு படத்தை அழிக்கணும்? ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புத் தோல் கன்ன எலும்பிலும் நெத்தியிலும் வாங்குற மினுமினுப்பு இருக்கே, அது எந்த ஃபில்டரிலும் வராது.

21/ உழைக்கிறவங்களைக் கௌரவமா எப்படிப் படம் எடுக்கிறதுன்னு தெரிஞ்சுக்க, எம். பழனிகுமார் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்க. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி இணையதளத்தில் தூய்மைப் பணியாளர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் என்று நிறைய செஞ்சிருக்கார். 2022-ல் தயாநிதா சிங் - பாரி விருது வாங்கினார். வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லியும் தந்திருக்கார். அந்தப் படங்களில் யாரும் வெளுத்திருக்க மாட்டாங்க. யாரும் பாவமாவும் இருக்க மாட்டாங்க.

22/ சரி, எங்க அம்மா கதைக்கு வரேன். ஒருநாள் ஸ்டூல் போட்டு, லைட்டை அணைச்சு, எல்லாம் தயார் பண்ணிட்டுக் கூப்பிட்டேன். "இன்னாத்துக்குடா இப்போ? போஸ்டர் அடிக்கவா?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் பதில் வரலை. வயசானவங்களைத் தனியா உட்கார வெச்சுப் படம் எடுத்தா அவங்களுக்கு எதுக்குன்னு தெரியும். நமக்கும் தெரியும். அதனாலதான் யாரும் எடுக்கிறதில்லைன்னு நினைக்கிறேன். அன்னைக்கு எடுத்ததில் அம்மா கேட் பாஸ் படத்து அப்பா மாதிரியே விறைச்சுப்போய் இருந்தாங்க.

23/ அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கிழக்குப் பார்த்த வாசல். அம்மா வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து நெத்திலி ஆஞ்சிட்டு இருந்தாங்க. பூனை ஒண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் எதுவும் சொல்லலை. போய் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அம்மா ஒரு மீனைத் தூக்கிப் போட்டுட்டு அந்தப் பூனையைத் திட்டினாங்க. அப்போ எடுத்த படம்தான் அது.

24/ அதிலிருந்து கத்துக்கிட்டது: கைக்கு வேலை கொடுங்க. பூக்கட்டுறது, கீரை ஆயறது, வலை பின்னுறது, பேப்பர் படிக்கிறது. கை வேலையில் இருந்தா முகம் தானா இளகும். கண்புரை இருக்கிறவங்களுக்குக் கூசும், அதனால் வெளிச்சத்தை நேரா பார்க்கச் சொல்லாதீங்க. கண்ணாடி போட்டிருந்தா காதுப் பக்கம் லேசா தூக்கிவிட்டா போதும், ஜன்னல் அதில் பளிச்சுனு அடிக்காது. காது கேட்காதவங்கன்னா உங்க முகம் அவங்களுக்குத் தெரியுற மாதிரி உட்கார்ந்து பேசுங்க.

25/ ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஆஸ்பத்திரி வார்டில் இதைச் செய்யாதீங்க. மூக்கில் டியூபோட, கண் மூடிக் கிடக்கும்போது எடுத்த படம் எத்தனையோ பேர் போனில் இருக்கு, குடும்ப குரூப்பிலும் போகுது. அவங்க சம்மதிச்சாங்களா? பக்கத்துக் கட்டில்காரரும் அதில் விழுந்திருப்பார். டாக்டருக்கு அனுப்பப் புண்ணையோ தடிப்பையோ எடுக்கணும்னா அது வேற. அதுக்கும் இதே ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது, ஃபிளாஷ் வேண்டாம். வீட்டில் எடுத்தாலும் கேட்டுட்டு எடுங்க, எடுத்ததைக் காட்டுங்க. வேண்டாம்னு சொன்னா அழிச்சுடுங்க.

26/ எடுத்த படத்தைப் போனிலேயே வெச்சுக்காதீங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் நேரத்தில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். அப்படித் தண்ணி ஏறின வீட்டில் ஆல்பம் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால் ரெண்டு பிரிண்ட் போடுங்க. ஒண்ணு வீட்டில், ஒண்ணு வேற ஊரில் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டில். வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பி வைங்க.

27/ நெத்திலிப் படத்தைப் பிரிண்ட் போட்டு அம்மாகிட்ட கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாங்க. "கறுப்பாத்தான் இருக்கேன்"னாங்க. கொஞ்சம் கழிச்சு, "ஆனா நான் மாதிரியே இருக்கேன்டா." இன்னும் ரெண்டு காப்பி கேட்டாங்க, காசிமேட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒண்ணு, அவங்களுக்கே ஒண்ணு. அவங்க காப்பியை ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் வெச்சிருக்காங்க.

28/ அவ்வளவுதான். இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லைட்டை அணைங்க, வாசல் கதவைத் திறங்க, ஸ்டூலை உள்ளே ரெண்டடி தள்ளிப் போடுங்க. அம்மா, அப்பா, ஆயா, தாத்தா, வீட்டில் யார் இருக்காங்களோ அவங்களை உட்கார வெச்சுப் பேச்சுக் கொடுங்க. "போஸ்டருக்கா?"ன்னு கேட்டா என்னை மாதிரி முழிக்காதீங்க. "இல்ல, என் போன்ல வெச்சுக்க"ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அதே மாதிரி வெச்சுக்கோங்க.